ஏழாம் நம்பர் பின்சுவர் பெற்ற அறை

சொர்ணகௌரி மில்லின் மூன்றாவது லைனில், ஏழாம் நம்பர் வீட்டின் பின்சுவர் வளர ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் வஞ்சிக்கொடிதான் என்றாலும், அதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த நாலு வருஷத்தில் அவள் வாயைத் திறந்து சொன்ன சங்கதி இரண்டுதான், ஒன்று கேஸ் தீர்ந்துவிட்டது என்பது, மற்றது தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது, இரண்டுக்கும் மாமியார் நஞ்சம்மாள் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "அதுக்குள்ளயேவா?"

லைன் என்றால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், பதினாலு வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவரை மட்டும் எழுப்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நீளமாய் மங்களூர் ஓட்டைப் போர்த்திவிட்டால் அதுதான் லைன். 1931-ல் மில் முதலாளி கட்டினது. ஒரு கூடம், பக்கத்தில் ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு வாசல், சமையல்கட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு, அதாவது கொல்லைக்கு, ஒரு வாசல்; உள்ளே எங்கேயும் ஒரு கதவு கிடையாது, ஏனென்றால் ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து தூங்குகிறவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய என்ன வேலை இருக்கப்போகிறது என்று அந்தப் புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் பதினாலு வீட்டிலும் வருஷம் தவறாமல் பிள்ளைகள் பிறந்தன. எப்படிப் பிறந்தன என்று நிர்வாகமும் கேட்கவில்லை, லைன்காரர்களும் சொல்லவில்லை. மில்லை மூடினபோது வீடுகள் தொழிலாளிகளுக்கே வந்தன. கதவு அப்போதும் வரவில்லை.

ஏழாம் நம்பர் கூடத்தில் பகல் முழுக்க மாமனார் டிவியைப் பார்த்தார், கரண்ட் போனாலும் டிவியையேதான் பார்த்தார். கொழுந்தன் பிரபு செல்போனைப் பார்த்தான். நஞ்சம்மாள் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். புருஷன் சௌந்தர் மோட்டார் கம்பெனியில் லேத் ஓட்டிவிட்டு வந்து, மீதி இருந்த இடத்தில் படுத்துக்கொண்டான். எட்டு மாசப் பாப்பாவுக்குப் பசிக்கும்போதெல்லாம் வஞ்சி எல்லோருக்கும் முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. பாப்பாவுக்கோ டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் போதும், குடிக்கிறதை விட்டுவிட்டு முந்தானையைப் பிடித்து விலக்கி எட்டிப் பார்த்தாக வேண்டும். உடனே மாமனார் இருமுவார், பிரபு எழுந்து வெளியே போவான், நஞ்சம்மாள் "ஒரு புள்ளையப் போத்திப் புடிச்சுப் பால் குடுக்கத் தெரியுதா பாரு" என்பாள். பின்சுவரில் எந்தச் செங்கல்லின் மூக்கு உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் காரை பெயர்ந்து ஆட்டுத்தலை மாதிரி தெரிகிறது என்பதெல்லாம் வஞ்சிக்கு மனப்பாடம். அவள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. சுவரைப் பார்க்காமல், போர்த்திக்கொள்ளாமல், பாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பால் கொடுக்க ஆறடிக்கு ஆறடி இடம் கேட்டாள். அதையும் சாமியிடம்தான் கேட்டாள், அதுவும் கோயிலில் கூட்டம் இல்லாத நாளாய்ப் பார்த்து, மெதுவாக.

பின்னால் ஒரு அறை கட்டுவதென்று நஞ்சம்மாள் முடிவெடுத்தது அவளுக்காக அல்ல. பிரபுவுக்குப் பார்த்த பெண் வீட்டார் வந்து, காபி குடித்து, மிக்சர் தின்று, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரூமு எங்கிருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஆனால் அதற்குள் மூன்றாவது லைன் பாரம்பரியக் கட்டடம் ஆகிவிட்டிருந்தது. தொண்ணூறு வருஷமாய் ஒழுகிக்கொண்டிருந்த வீடு, ஒரு நாள் காலையில் முன்னால் ஒரு போர்டை நட்டதும் பாரம்பரியம் ஆகிவிடுகிறது. ஒழுகல் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதுவும் பாரம்பரியம்தான். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவின் தலைவி வைதேகி மேடம், பதினோராவது மாடியில் ஏசி போட்ட பிளாட்டில் இருந்துகொண்டு பழைய வீடுகளுக்காக உருகுகிறவர். கைத்தறிப் புடவையில் வந்து, சுவரைத் தடவிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நின்றார்.

"இந்த லைனோட பழைய தன்மை போயிடக் கூடாதும்மா. பின்னாடி ஒரு ரூம் கட்டிக்கோங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பாக்கறவங்களுக்குக் கட்டின மாதிரியே தெரியக் கூடாது."

"கட்டோணும், ஆனா கட்டக்கூடாதுங்கறீங்க," என்றாள் நஞ்சம்மாள்.

"கரெக்ட்!" என்றார் மேடம். பதினாலு வீட்டில் ஒருத்தராவது புரிந்துகொண்டாரே என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிமெண்டைக் கண்ணில் காட்டக்கூடாது, சுண்ணாம்புக் காரைதான். காரைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர்தான். புது அறையைத் தொடங்கும் முன் பழைய பின்சுவரை அதே காரையால் பூசிச் செப்பனிட வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொத்தனார் மாகாளி, "கடுக்காயி வவுத்துக்கல்லங்க சாப்புடறது, செவுத்துக்கு எதுக்குங்க?" என்று கேட்டான். இருந்தாலும் ஒரு டிரம்மில் ஊறப்போட்டான். பத்தாம் நாள் அது நுரைத்துப் பொங்கி, மூன்று லைனுக்கும் வாசம் போய், ஒரு போலீஸ்காரர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்து, முகம் சுருங்கித் திரும்பிப் போனார். பின்சுவரைப் பூசி முடித்த அன்றைக்கே குழுவிடமிருந்து கடுதாசி வந்தது, வேலையை நிறுத்தும்படி. வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடவில்லையாம். மாகாளி கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனான். போகிறபோது ஒன்று சொன்னான்.

"அம்மிணி, பூசுன செவுத்துக்குக் காலைலயும் பொழுதோடயும் தண்ணி விட்டுருங்க. இருவத்தியொரு நாளைக்கு."

எந்தத் தண்ணீர் என்று அவன் சொல்லவில்லை, வஞ்சியும் கேட்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது, அதையே விட்டாள். குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, டப்பாவில் மிச்சம் இருந்த கடுக்காயையும் கருப்பட்டியையும் போட்டு நிரப்பினாள். இருபத்தோராம் நாள் நிறுத்து என்று சொல்ல மாகாளி அங்கே இல்லை. அந்த வீட்டில் ஒரு வேலையைச் செய் என்று சொல்ல ஆள் உண்டு, போதும் என்று சொல்ல ஆள் கிடையாது. ஆகையால் அவள் விட்டுக்கொண்டே இருந்தாள்.

நாற்பதாம் நாள் காலையில் சுவரின் அடியில், மண்ணைப் பிளந்துகொண்டு, பால் பல் மாதிரி இரண்டு செங்கல் எட்டிப் பார்த்தன. வஞ்சி குனிந்து தொட்டுப் பார்த்தாள். நாற்றுக்கு விடுவது போல் அதற்கும் ஒரு குவளை விட்டாள். மறுநாள் ஐந்து. பத்து நாளில் கூடத்துச் சுவரின் இரண்டு முனையிலிருந்தும் பொடக்காலிப் பக்கமாக இரண்டு வரி ஓடி, கடைசியில் ஒன்றோடொன்று கை கோத்து, ஒரு அறையின் காலடி மாதிரி ஆனது. எங்கே தண்ணீர் பட்டதோ அங்கே மட்டும் வளர்ந்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த நாளில் அவள் விடாமல் போன இடம் அன்றைக்கு இருந்த உயரத்திலேயே நின்றது.

முழங்கால் உயரம் வந்தபிறகுதான் நஞ்சம்மாள் பார்த்தாள். பார்த்தவள் மாகாளியைத்தான் போன் போட்டுத் திட்டினாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து வேலை செய்கிறான் என்று. மாகாளி ஓடி வந்து, ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"நம்ம கை வேலை இல்லீங்க. ஆனா எவன் கட்டுனானோ, மட்டம் மசுரு பிசகல."

"எவனும் கட்டுலயாமா. தானா வருதாமா. இவ தண்ணி விட்டாளாமா."

"அப்பச் சரிங்," என்று மாகாளி மூச்சு விட்டான். வேறு கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் அவனுக்குக் கவலை.

வளர்ந்ததெல்லாம் பழசாகவே வளர்ந்தது. செங்கல்லில் 1931 மில் முத்திரை. உள்பக்கத்தில் தொண்ணூறு வருஷப் புகை. அங்கங்கே நீலம் கலந்த வெள்ளை, அதன்மேல் காரை பெயர்ந்த வடு, காலண்டர் மாட்டித் துருப்பிடித்த ஆணி, ஓட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்ட ஒழுகல் கறை. அந்த வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தன்னைப் போலவே ஒன்றைத்தான் அதனால் பெற முடியும். இதில் குறை சொல்ல லைனில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

எட்டாம் நம்பர் பழனாத்தாள் மட்டும் சொன்னாள். மில்லில் முப்பது வருஷம் நூல் அறுந்தால் கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"நஞ்சக்கா, உங்க செவுரு எங்க பொடக்காலில ஒரு மொழம் காலை நீட்டிருக்குதுங்க."

"வளர்ற புள்ளை. நீட்டத்தான் செய்யும்."

"நல்லா நீட்டட்டும். நீட்டுன காலு என்னுது."

அன்றையிலிருந்து லைனே அவரவர் பின்சுவருக்குத் தண்ணீர் விட்டது. மூன்றாம் நம்பர்க்காரி சத்துமாவுக் கஞ்சியை ஊற்ற, எறும்புதான் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் ரிட்டையர்டு கிளார்க் யாருக்கும் தெரியாமல் பீரை ஊற்ற, சுவர் வளரவில்லை, கொஞ்சம் சாய்ந்தது. ஒன்றாம் நம்பரில் பஞ்சகவ்யத்தைத் தெளித்து மந்திரம் சொன்னார்கள். நல்ல பச்சைப் பாசி பிடித்தது, குழுவிலிருந்து வந்து பாசியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நஞ்சம்மாளே ஒரு வாரம் மருமகளை ஒதுக்கிவிட்டுத் தன் கையால் விட்டுப் பார்த்தாள். ஒரு செங்கல் ஏறவில்லை, ஏறினதில் இரண்டு பொரிந்து கொட்டின. "இந்தச் செவுத்துக்கும் எவளைக் கண்டா ஆகுது, எவளைக் கண்டா ஆகலைன்னு இருக்குதாக்கும்," என்று குடத்தை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். குடம் மறுபடி வஞ்சியிடமே வந்தது. வேலை என்று வந்துவிட்டால் அது எப்படியும் அவளிடம்தான் வந்து சேரும்.

சுவர் இடுப்பு உயரம் வந்தபோது நடுவில் வயிறு தள்ளியது. மாகாளி இடித்துக் கட்ட வேண்டும் என்றான். லைன் பெண்கள் அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். ஆரம்பித்து ஏழாவது மாசம், வயிறும் தள்ளியிருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று இதையெல்லாம் ஒரு ஆம்பளையிடமா கேட்பார்கள்? பிள்ளைத்தாச்சிக்கு வைக்கிற கட்டுச்சோறு விருந்து வைப்பதென்று முடிவானது. பிறகு ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

"எல்லாஞ் சரிக்கா, பொறந்த ஊட்டுச் சீரு யாரு கொண்டாறது?" என்று கேட்டாள் மூன்றாம் நம்பர்க்காரி.

"செங்கச் சூளைக்காரன்தான். அவனுக்குத்தான மவ," என்றாள் பழனாத்தாள்.

"கேட்டுப்போட்டான்னா ரெண்டு லோடு சீரு எறக்குவான்."

"எறக்கட்டும், என்ற மொழத்துல வெச்சிராம இருந்தாச் சரி."

புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, சர்க்கரைப் பொங்கல், எல்லாம் வாழை இலையில் கட்டி வந்தன. சுவருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கை இல்லாததால் அந்தத் துருப்பிடித்த ஆணியில் கண்ணாடி வளையலை மாட்டினார்கள். வஞ்சிக்கு ஏழாம் மாசம் கட்டுச்சோறு நடந்தபோது கூடத்தில் இடம் பத்தாமல் பாதிப்பேர் வாசலில் நின்று சாப்பிட்டார்கள், நஞ்சம்மாள் எள்ளுச்சோற்றை மறந்துவிட்டாள். சுவருக்கு அவள் எதையும் மறக்கவில்லை.

விருந்தின் நடுவில்தான் வைதேகி மேடமும், குழுவின் இன்ஜினியரும் வந்து இறங்கினார்கள். சுவர் வளர்ந்ததில் மேடத்துக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. மனு இல்லாமல் வளர்ந்ததுதான் ஆச்சரியம். இன்ஜினியர் முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார், புகைக்கறையை மோந்து பார்த்தார், ஒழுகல் கறையைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒரிஜினல் மேடம்."

மேடம் சுவரை இன்னொரு தடவை தடவிக் கொடுத்தார். "நாங்க பதினைஞ்சு வருஷமா எல்லாருக்கும் சொல்றது இதைத்தாம்மா. பழசு மாதிரியே கட்டுங்கன்னு. ஒருத்தர் செய்யல. கடைசியில வீடே செஞ்சிருக்கு." பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "யாரு தண்ணி விடறது?" என்று கேட்டார்.

பதினாலு வீடும் வஞ்சியைக் காட்டியது. வஞ்சி இலையைப் பார்த்தாள்.

"எவ்வளவும்மா விடறீங்க?"

"நாலு கொடமுங்," என்றாள், புளிச்சோற்றிடம்.

மேடம் அதை எழுதிக்கொண்டார். பிறகு உத்தரவு சொன்னார்: இது 1931-ஆம் வருஷச் சுவர், தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் விடலாம். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. சேர்க்கக்கூடாது, இடிக்கக்கூடாது, ஓட்டை போடக்கூடாது.

"அப்பக் கதவு?" என்றாள் நஞ்சம்மாள்.

"எந்தக் கதவு?"

"ரூமுன்னா உள்ள போறதுக்கு ஒரு கதவு வேணுங்களே."

"சுவர் அதுவா வாசல் விட்டா விடட்டும். விடலைன்னா, வெட்டக்கூடாது. அதோட தன்மையே போயிடும்," என்று சொல்லிவிட்டு, இரண்டு இலை சர்க்கரைப் பொங்கலைக் கட்டி வாங்கிக்கொண்டு மேடம் போனார்.

அப்புறம் வந்ததுதான் கதவுச் சண்டை. கதவு யார் பக்கமோ அறை அவர்களுடையது. இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நஞ்சம்மாள் கூடத்துப் பின்சுவரை வெட்டி உள்ளிருந்தே வழி வைக்க வேண்டும் என்றாள், பிரபுவும் வருகிற பெண்ணும் அதன் வழியாய்ப் போகட்டும்; பெண் வீட்டாருக்கும் அறை வளருகிற சேதி போய், "வளந்த பொறவு சொல்லுங்க" என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். பழனாத்தாள், தன் முழத்தில்தான் கதவு, இல்லாவிட்டால் தன் முழத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். கவுன்சிலர் வந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாக்குக் கொடுத்தார். தண்ணிக் குழாயடியில் லைன் இரண்டாய்ப் பிரிந்தது: கூடத்துக் கட்சி, முழத்துக் கட்சி. பதினொன்றாம் நம்பரில் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி. ஒரே கூடத்தில் இரண்டு அடுப்பு எரிந்தது. மாமனார் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, டிவி இருக்கிற சுவரை யாரும் வெட்டாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

வஞ்சியை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு சங்கதி. ஆனால் இவ்வளவு பேரும் இவ்வளவு மாசமும் இவ்வளவு சத்தமாய்ப் பேசினார்களே, ஒருத்தருக்காவது ஒன்று தோன்றியிருக்கலாம்: தலைக்கு மேலே ஏறிவிட்ட சுவருக்கு உள்பக்கமும் தண்ணீர் விட வேண்டுமே, தினம் இரண்டு வேளை அவள் எப்படி உள்ளே போய் எப்படி வெளியே வருகிறாள் என்று. செங்கல் கணுக்கால் உயரம் இருந்தபோதே அவள் கிழக்குப் பக்கம் நடந்து போய்வந்தாள். தான் நடக்கிற இடத்துக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? அவள் விடவில்லை, அதனால் அந்த இடம் வளரவில்லை. ஒரு இடுப்பில் பாப்பா, ஒரு இடுப்பில் குடம், அந்த அகலத்துக்கு ஒரு வெறுமை, காலடி வரியிலிருந்து மேலே வரைக்கும், ரசமட்டம் வைத்தாலும் பிசகாது. முதலில் அது வெறும் நடைவழிதான். முழங்காலுக்கு மேலே வந்தபிறகு அவளுக்குத் தெரிந்துவிட்டது அது என்னவென்று. தெரிந்தபின் அவள் அதன் இரண்டு ஓரத்திலும் ஒரு சொட்டு தெறிக்காமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரிக் கையை வைத்து மறைத்து மறைத்து ஊற்றினாள்.

துணி காயப்போடுகிற கொடி அந்தப் பக்கம்தான் ஓடியது. வெறுமைக்கு நேராக அவள் உள்பாவாடைகளையும் நைட்டிகளையும் பாப்பாவின் துணிகளையும் போட்டாள். நனைந்த உள்பாவாடையைக் கண்டால் லைன் ஆம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், லைன் பெண்களுக்கோ அவரவர் துணியே மலை மாதிரிக் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌந்தர் பொடக்காலியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அந்தக் கொடியை ரொம்ப நேரம் பார்த்தான். நூலில் பாதி கனத்தைக் கண்ணால் பார்த்தே சொல்கிற லேத்துக்காரன். துணி ஒன்று காற்றில் விலகி விழுந்தது. வஞ்சி குடத்தை இறக்கி வைத்தாள். அவன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கொடியை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, இறுக்கிக் கட்டினான்.

"கவுறு தொங்குது," என்றான்.

"ஆமாங்," என்றாள்.

கல்யாணமான நாலு வருஷத்தில் இவ்வளவு நீளமாய் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

பங்குனியில் சுவர் போதும் என்று நின்றது. குவளையால் மேலே வீசிய தண்ணீருக்கு ஓடு முளைத்தது, வரி வரியாக, மீன் செதிள் மாதிரி, நாலாவது வரியில் ஒரு ஓடு உடைந்தே முளைத்தது. மேடம், இன்ஜினியரோடு அளக்க வந்தார். லைன் முழுக்கப் பின்னாலேயே சுற்றியது. கூடத்துப் பக்கம் பழைய பின்சுவர், வாசல் இல்லை. வடக்குச் சுவர், இத்தனை அடி, வாசல் இல்லை. முழத்துப் பக்கம் மேற்குச் சுவர், இத்தனை அடி, வாசல் இல்லை என்றதும் பழனாத்தாள் "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். கிழக்குப் பக்கம் வந்தார்கள். அன்றைக்கு வஞ்சி வீட்டிலிருந்த அத்தனை உள்பாவாடையையும் துவைத்திருந்தாள், மாமியாருடையதையும் சேர்த்து. சொட்டச் சொட்டத் தொங்கின. இன்ஜினியர் ஆகாயத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு எழுதினார்: "கிழக்குச் சுவர்: மேற்படி."

அரசாங்கக் காகிதத்தில் மேற்படி என்று ஒன்று விழுந்துவிட்டால் அதை மாற்ற யாரால் முடியும்? வாசல் இல்லாத அறை என்று சான்றிதழ் வந்தது, முன்னால் இன்னொரு போர்டு வந்தது. "எளிமையும் அடக்கமுமான தொழிலாளர் வாழ்க்கைக்குச் சான்று" என்று அதில் எழுதியிருந்தார்கள். பெண் வீட்டார் போர்டைப் படித்துவிட்டு, வாசல் இல்லாத ரூமில் எங்கள் பெண் எப்படி இருக்கும் என்று கேட்க, பிரபு கல்யாணம் செய்துகொண்டு சூலூரில் மாடி வீடு பார்த்துப் போனான். முழத்துக் கட்சியும் கூடத்துக் கட்சியும் அடித்துக்கொள்ளக் கதவு இல்லாததால் பழையபடி தண்ணிக் குழாய்க்கு அடித்துக்கொண்டன. நஞ்சம்மாள் முதலில் நாலு நாள் படுத்துக் கிடந்தாள்; அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் காரில் வந்து போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்து அவளுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. "எங்கூட்டுல ஒரு ரூமு இருக்குது," என்று ஒறம்பரைச் சொந்தங்களிடம் சொன்னாள், "ஆருமே உள்ள போவ முடியாதாக்கும்."

சித்திரையில் ஒரு மத்தியானம் மேடம் இருபது பேரைக் கூட்டி வந்து, அறையைச் சுற்றி நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். இந்த அறை எதற்கு இருந்திருக்கும் என்று ஒருவர் கேட்டார். தானியம் வைக்க என்றார் ஒருவர். தியானம் செய்ய என்றார் இன்னொருவர். "தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இதோட அழகு," என்றார் மேடம், எல்லோரும் கை தட்டினார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் வஞ்சி காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கை பூராவும் அவிழ்ந்து கிடந்தது, முந்தானை எங்கேயோ கிடந்தது. பாப்பா கைதட்டலைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, அம்மா முகம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தது, சிரிப்பில் பால் வழிந்தது, மறுபடி குடித்தது.

காரெல்லாம் போயின. அடுப்பில் ஏதோ பொங்குகிற வாசம் வந்தது. நஞ்சம்மாள் கூடத்தில் தேடுவதும், சமையல்கட்டில் தேடுவதும், வாசலுக்குப் போய்த் தேடுவதும் காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் ஒருத்தியைத் தேட அவ்வளவு இடம் எங்கிருந்து வந்ததோ. பிறகு பொடக்காலி வாசலுக்கு வந்து நின்று சத்தம் போட்டாள்.

"ஏம்புள்ள வஞ்சி! எங்க இருக்கறே?"

அந்த வீட்டில் அவளைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் அன்றுவரை யாருக்கும் வந்ததில்லை. வஞ்சிக்கு அது காதில் நன்றாக விழுந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று, பாப்பாவை அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.